ஜாக்கி ராபின்சனுக்கு முன்னும் பின்னும்: அமெரிக்க விளையாட்டின் நிறத்தடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விளையாட்டில் "முதல் கறுப்பின வீரர்" என்று யார் பெயரைச் சொன்னாலும், "அவருக்கு முன்னாலேயே இன்னொருவர் ஆடியிருக்கிறாரே" என்று ஒருவர் கிளம்புவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஏனென்றால் பல விளையாட்டுகளில் கதவு முதலில் திறந்துதான் கிடந்தது. பிறகு சாத்தினார்கள். சாத்தியதை மறுபடி திறக்க வைத்தவர்களைத்தான் நாம் "முதல்வர்" என்கிறோம். கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இது நினைவில் இருந்தால் குழப்பம் வராது.

தடையை உடைத்த முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன்தானே?

பேஸ்பாலில், அதுவும் இருபதாம் நூற்றாண்டில் என்று சேர்த்துச் சொன்னால் சரி. 1947 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கில், எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் இறங்கினார்.

அதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்பே, 1884இல், மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்பவர் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ அணிக்காக மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்ச நிலை லீக்) ஆட்டங்களில் ஆடியிருக்கிறார். கேட்சர். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு, விக்கெட் கீப்பர் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மாதிரிப் பந்து வரப்போகிறது என்று கேட்சரும் பந்து வீசுபவரும் சைகையால் பேசிக்கொள்வது அந்த ஆட்டத்தின் வழக்கம். அந்த அணியின் பந்து வீச்சாளர் டோனி முல்லேன், வாக்கர் காட்டிய சைகையை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு வீசியதாகப் பல ஆண்டுகள் கழித்துத் தானே ஒப்புக்கொண்டார். வாக்கர் மிகச் சிறந்த கேட்சர் என்றும் அதே மூச்சில் சொன்னார். சைகை இல்லாமல் வரும் பந்தைப் பிடித்துப் பிடித்து வாக்கரின் கைகள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கும் முன்னால், 1879இல் ஒரே ஒரு ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வர்ட் வைட்தான் முதல் ஆள் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர் வெள்ளையராகவே வாழ்ந்தவர். "முதல்" என்ற சொல் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இதுவே போதும்.

இடையில் அந்த 63 ஆண்டுகள் என்ன நடந்தது? சட்டம் போட்டுத் தடுத்தார்களா?

மேஜர் லீக் பேஸ்பாலில் எழுத்தில் ஒரு விதியும் இல்லை. அதுதான் அந்தத் தடையின் பலம். "கனவான்கள் ஒப்பந்தம்" என்று பெயர் வைத்தார்கள். வாயால் பேசிக்கொண்டது, காகிதத்தில் கிடையாது. யாராவது கேட்டால், "எங்களிடம் தடையே இல்லையே, தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடலாம்.

இதில் கேப் ஆன்சன் என்ற சிகாகோ நட்சத்திர வீரரின் பெயர் அடிபடும். கறுப்பர் இருக்கும் அணியோடு ஆட மாட்டேன் என்று 1880களில் முறுக்கிக்கொண்டு நின்றவர். 1887இல் மேஜர் லீக்குக்குக் கீழே இருந்த இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள், இனிமேல் கறுப்பர்களோடு புதிய ஒப்பந்தம் போடுவதில்லை என்று வாக்கெடுத்தே முடிவு செய்தார்கள். ஆன்சன் ஒருவரால் எல்லாம் நடந்தது என்பது கொஞ்சம் சௌகரியமான கதை. அவர் குரல் எழுப்பினார். மற்றவர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோல் தலையாட்டினார்கள்.

தடை எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டாம் உலகப் போரால் ஆள் பஞ்சம் வந்தபோது, 1945இல், செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணி பீட் கிரே என்ற ஒற்றைக் கை வீரரை ஆட வைத்தது. அவர் திறமைசாலி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கையும் உள்ள கறுப்பர் ஒருவர்கூட அந்த ஆண்டு எந்த மேஜர் லீக் அணியிலும் இல்லை.

மற்ற விளையாட்டுகளிலும் இப்படித் திறந்து மூடினார்களா?

ஆமாம். குதிரைப் பந்தயத்தைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். (குதிரையோட்டும் ஜாக்கிக்கும் ஜாக்கி ராபின்சனுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால் இங்கே குதிரையோட்டி என்றே எழுதுகிறேன்.) கென்டக்கி டெர்பி 1875இல் தொடங்கியபோது ஓடிய 15 குதிரைகளில் 13இன் மேல் இருந்தவர்கள் கறுப்பர்கள். ஆலிவர் லூயிஸ் வென்றார். முதல் 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பினக் குதிரையோட்டிகள். ஐசக் மர்ஃபி மட்டும் மூன்று முறை. 1901, 1902 என இரண்டு ஆண்டு தொடர்ந்து வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்ட் பிழைப்புக்காக ரஷ்யா போக வேண்டிவந்தது. பந்தயத்தில் பணம் பெருகியதும் வெள்ளைக் குதிரையோட்டிகள் அவர்களை வேலியோரமாக நெருக்கித் தள்ளினார்கள், உரிமையாளர்கள் குதிரை தருவதை நிறுத்தினார்கள். 1921க்குப் பிறகு 2000ஆம் ஆண்டு வரை அந்தப் பந்தயத்தில் ஒரு கறுப்பினக் குதிரையோட்டிகூட இல்லை.

சைக்கிளில் மேஜர் டெய்லர். 1899இல் மான்ட்ரியலில் உலகச் சாம்பியன். தோற்ற போட்டியாளர் ஒருவர் அவர் கழுத்தை நெரித்து மயக்கமடைய வைத்த சம்பவமும் உண்டு. 1932இல் சிகாகோ மருத்துவமனையின் இலவசப் பிரிவில் இறந்தார்.

குத்துச்சண்டையில் மட்டும் எப்படி முன்பே சாம்பியன் வந்தார்?

அங்கேயும் எளிதில் விடவில்லை. ஜாக் ஜான்சன் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியா வரை போய், 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் பட்டத்தைப் பறித்தார். அவரை வீழ்த்த ஒரு வெள்ளையரைத் தேடி அமெரிக்கா அலைந்தது. ஓய்வு பெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரீஸைக் கிளப்பிக் கொண்டுவந்தார்கள். 1910 ஜூலை 4, நெவாடாவின் ரீனோ நகரம், பதினைந்தாவது சுற்று: ஜெஃப்ரீஸ் முடிந்தார். அன்று இரவு பல நகரங்களில் கலவரம், பலர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று 1912இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது.

ஜான்சன் பணிந்து போகிறவர் அல்ல. பளபள கார், வெள்ளைக்காரப் பெண்களோடு பகிரங்கமான வாழ்க்கை, எதிராளியைக் கிண்டல் செய்தபடி அடிப்பது. 1913இல், பெண்களைத் தவறான நோக்கத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிப்போவதைத் தடுக்கும் மான் சட்டம் என்ற ஒன்றைக் காட்டி, முழுக்க வெள்ளையரே இருந்த நீதிமன்ற ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. நாட்டைவிட்டு ஓடி ஏழாண்டு வெளியே இருந்தார். மன்னிப்பு 2018இல், இறந்து 72 ஆண்டு கழித்து வந்தது.

அவர் பட்டத்தை 1915இல் இழந்தார். அடுத்த கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் வர 1937 ஆகிவிட்டது. லூயிஸின் மேலாளர்கள் அவருக்கு விதித்த கட்டுப்பாடுகளைப் பாருங்கள்: வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. ஜான்சன் செய்ததையெல்லாம் செய்யாதே என்பதுதான் அந்தப் பட்டியல்.

ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு ஹிட்லர் கை கொடுக்க மறுத்தார் என்பது உண்மையா?

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். கை கொடுக்காத கதை வேறொருவருடையது. முதல் நாளில் உயரம் தாண்டுதலில் வென்ற கறுப்பின வீரர் கொர்னீலியஸ் ஜான்சன் பதக்கம் வாங்கும் முன்பே ஹிட்லர் அரங்கைவிட்டுப் போய்விட்டார். வாழ்த்துவதானால் எல்லோரையும் வாழ்த்துங்கள், இல்லையேல் யாரையும் வேண்டாம் என்று ஒலிம்பிக் குழுவினர் சொல்ல, அதன் பிறகு பகிரங்கமாக வாழ்த்துவதை அவர் விட்டுவிட்டார். ஓவன்ஸ் வென்றது அதற்குப் பிறகுதான்.

ஓவன்ஸே சொன்ன குறை வேறு: தன்னை அவமதித்தது தன் நாட்டு அதிபர்தான், ஒரு தந்திகூட அனுப்பவில்லை என்று. ரூஸ்வெல்ட் அனுப்பவில்லை, வெள்ளை மாளிகைக்கும் அழைக்கவில்லை. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் அவருக்கே நடந்த பாராட்டு விழாவுக்கு அவர் சாமான் ஏற்றும் லிஃப்டில் போக வேண்டியிருந்தது. பிறகு காசுக்காகக் குதிரையோடு ஓடிக் காட்டினார். நான்கு தங்கப் பதக்கத்தைத் தின்ன முடியாதே என்று கேட்டார்.

அதே பெர்லினில் 200 மீட்டரில் ஓவன்ஸுக்கு அடுத்து வெள்ளி வென்றவர் மேக் ராபின்சன். கலிஃபோர்னியாவின் பசடீனாவுக்குத் திரும்பியவருக்குக் கிடைத்தது தெரு பெருக்கும் வேலை. ஒலிம்பிக் அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பெருக்குவாராம். அவருடைய தம்பிதான் ஜாக்கி ராபின்சன். அண்ணன் பதக்கத்தோடு வந்து விளக்குமாறு பிடித்ததைப் பார்த்து வளர்ந்த பையன் எப்படிப்பட்ட கோபத்தோடு வளர்ந்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீக்ரோ லீக் என்றால் என்ன? அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

முதலில் சொல். அந்தக் காலத்தில் கறுப்பர்கள் தங்களையே அப்படிக் குறிப்பிட்டார்கள். இன்று யாரையும் அப்படி அழைக்கக் கூடாது. லீக்கின் வரலாற்றுப் பெயர் என்பதால் மட்டும் அது நிற்கிறது.

மேஜர் லீக்கில் இடமில்லை என்றானதும் கறுப்பர்கள் சொந்தமாக அணி கட்டினார்கள். ரூப் ஃபாஸ்டர் 1920இல் கான்சஸ் சிட்டியில் கூட்டம் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். சாட்செல் பெய்ஜ் என்ற பந்து வீச்சாளர், ஜாஷ் கிப்சன் என்ற கேட்சர் எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள்தான். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம் இருந்தது.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தரம்தான் என்று பேஸ்பால் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. 2024இல் அந்தக் கணக்குகளும் சேர்க்கப்பட்டன. உடனே மட்டையடி சராசரிப் பட்டியலில் (மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமான அடி என்ற கணக்கு) பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்த டை காப் (.367) இறங்கினார், ஜாஷ் கிப்சன் (.372) ஏறினார். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாற 77 ஆண்டு பிடித்தது.

அங்கே இருந்தவர்களில் ராபின்சன்தான் மிகச் சிறந்த வீரரா? ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இல்லை. கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் அவர் ஆடியது ஒரே ஒரு பருவம்தான், 1945இல். தன்னை முதலில் கூப்பிடவில்லையே என்ற வருத்தம் பெய்ஜுக்குக் கடைசிவரை இருந்தது.

டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி தேடிய தகுதிகள் வேறு. ராபின்சன் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம் என நான்கிலும் ஆடியவர். வெள்ளையரோடு ஒரே அணியில் இருந்து பழகியவர். ராணுவத்தில் லெஃப்டினன்ட். குடிப்பழக்கம் இல்லை. பத்திரிகையாளர் வெண்டல் ஸ்மித்தின் பரிந்துரையும் இருந்தது.

கோபக்காரர் என்பதும் ரிக்கிக்குத் தெரியும். 1944இல் டெக்சாஸின் கேம்ப் ஹூட் முகாமில் பேருந்தின் பின்பக்கம் போகச் சொன்னதற்கு மறுத்து, ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையானவர். 1945 ஆகஸ்ட் 28 அன்று புரூக்ளின் அலுவலகத்தில் சுமார் மூன்று மணி நேரம் ரிக்கி அவரைச் சோதித்தார். வெறிபிடித்த ரசிகன், இடம் தராத ஹோட்டல்காரன், காலில் ஆணிக் காலணியைப் பாய்ச்சும் எதிராளி என்று ஒவ்வொரு வேடமாகப் போட்டு வசைபாடினார். திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் வேண்டும் என்பது நிபந்தனை. ஜாக் ஜான்சன் விவகாரத்தை அமெரிக்கா மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ரிக்கி நல்லெண்ணத்தில் செய்தாரா, வியாபாரத்துக்காகவா?

இரண்டும்தான். பிரித்துப் பார்க்க முயல்வது வீண். ரிக்கி சொல்லும் கதை ஒன்று உண்டு: இளம் வயதில் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவருக்கு இண்டியானாவில் ஹோட்டல் அறை தர மறுத்தார்கள். அந்தப் பையன் இரவு முழுக்கத் தன் கைத்தோலைத் தேய்த்துத் தேய்த்து, இந்த நிறம் போய்விட்டால் போதுமே என்று அழுதானாம்.

அது உண்மையான வேதனையாகவே இருக்கட்டும். கூடவே வேறு சிலவும் இருந்தன. தடைக்குக் காவல் நின்றதாகப் பலர் கருதிய பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் 1944இல் இறந்துவிட்டார். வேலையில் நிறம் பார்ப்பதைத் தடை செய்து நியூயார்க் மாநிலம் 1945இல் சட்டம் கொண்டுவந்தது. கறுப்பினப் பத்திரிகைகளும், கம்யூனிஸ்டுகளின் டெய்லி வொர்க்கர் நாளிதழும் ஆண்டுக்கணக்கில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தன. போரில் உயிரைக் கொடுக்கலாம், பேஸ்பால் ஆடக் கூடாதா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாகிவிட்டது. அப்புறம், டிக்கெட் பணம். 1947இல் டாட்ஜர்ஸ் மைதானத்துக்கு 18 லட்சம் பேர் வந்தார்கள். அந்த லீக்கில் அதுவரை இல்லாத கூட்டம்.

ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை: ராபின்சனை எடுத்ததற்கு ரிக்கி மோனார்க்ஸ் அணிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை.

முதல் ஆண்டு எப்படி இருந்தது?

கஷ்டம் 1946லேயே தொடங்கிவிட்டது. டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸோடு ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போனார். சான்ஃபர்ட் ஊரில் மிரட்டல் வந்து இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஜாக்சன்வில்லில் மைதானத்துக்கே பூட்டுப் போட்டிருந்தார்கள். கனடாவின் மான்ட்ரியல் ரசிகர்கள் மாறாக அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

1947இல் சொந்த அணியிலேயே சில தென்மாநிலத்துக்காரர்கள், இவரோடு ஆட முடியாது என்று மனு தயாரித்தார்கள். களத்தில் அணியை நடத்தும் மேலாளர் லியோ டுரோச்சர் நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பி, நிறம் எனக்கு முக்கியமில்லை, ஆட முடிந்தவன் ஆடுவான் என்று திட்டி அனுப்பினார். பென் சாப்மன் என்ற ஃபிலடெல்ஃபியா மேலாளர் தலைமையில் எதிரணி கொட்டிய வசவு கேட்கச் சகிக்காதது. அதில் ஒரு விசித்திரம்: ராபின்சன் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்ததும், ஒதுங்கி நின்ற டாட்ஜர்ஸ் வீரர்களே எதிரணியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாப்மனால் அணி ஒன்றுபட்டது.

ஆண்டு முடிவில் சிறந்த புதுமுக வீரர் விருது. 1949இல் .342 சராசரியோடு லீக்கின் மிகச் சிறந்த வீரர். வாய்ப்பூட்டும் அதற்குள் கழன்றிருந்தது. நடுவரோடு சண்டை, எதிராளியோடு வாக்குவாதம் என்று இயல்பான மனிதராக ஆடினார். அமைதியான ராபின்சனைப் புகழ்ந்த பத்திரிகைகள் சில, வாய் திறந்ததும் திமிர் பிடித்தவர் என்று எழுதின.

இரண்டாவதாக வந்தவர் யார்? அவரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. லாரி டோபி. 1947 ஜூலை 5, கிளீவ்லாந்து அணி. ராபின்சனுக்குப் பதினொரு வாரம்தான் பின்னால். ராபின்சனுக்குக் கிளை அணியில் ஓராண்டு பழக்கம் கிடைத்தது. டோபி வெள்ளிக்கிழமை வரை நீக்ரோ லீக்கில் ஆடிவிட்டுச் சனிக்கிழமை நேராக மேஜர் லீக்கில் நின்றார். உடைமாற்றும் அறையில் அறிமுகப்படுத்தியபோது சிலர் கை கொடுக்கவில்லை. வசவு, துப்பல், தனி ஹோட்டல் எல்லாம் அதே அளவு. செய்தியாளர் கூட்டம் மட்டும் இல்லை.

1948 உலகத் தொடரின் (பேஸ்பால் பருவத்தின் இறுதித் தொடர்) நான்காவது ஆட்டத்தில் டோபி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடிக்க, ஸ்டீவ் க்ரோமெக் பந்து வீச, கிளீவ்லாந்து வென்றது. ஆட்டம் முடிந்து இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரிக்கும் புகைப்படம் நாடு முழுவதும் வெளியானது. கறுப்பரும் வெள்ளையரும் அப்படிக் கட்டிக்கொண்ட படம் அன்று செய்தித்தாளில் காணக் கிடைக்காத ஒன்று.

1978இல் டோபி மேஜர் லீக்கின் கறுப்பின மேலாளர் ஆனார். அதிலும் இரண்டாமவர்! முதலாமவர் 1975இல் வந்த ஃப்ராங்க் ராபின்சன்.

அமெரிக்கக் கால்பந்தில் யார் முதல்?

மறுபடியும் "எந்த முதல்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. (இது நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.) இன்றைய என்எஃப்எல் லீக் 1920இல் பிறந்தபோதே அக்ரன் அணியில் ஃப்ரிட்ஸ் போலார்ட் இருந்தார், 1921இல் பயிற்சியாளராகவும் ஆனார். 1934 முதல் 1945 வரை ஒருவரும் இல்லை.

திறந்தது எப்படி என்பதுதான் சுவை. 1946இல் கிளீவ்லாந்தின் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பெரிய கொலிசியம் மைதானத்தைக் கேட்டது. அது வரிப்பணத்தில் கட்டியது. கறுப்பர்களின் வரிப்பணமும் அதில் இருக்கிறது, கறுப்பரைச் சேர்க்காத அணிக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று ஹாலி ஹார்டிங் உள்ளிட்ட கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மைதான நிர்வாகக் குழுவின் முன் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். ராம்ஸ் கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. வாஷிங்டன் 1939இல் யூசிஎல்ஏவில் ராபின்சனோடு ஒரே அணியில் ஆடிய பெரும் நட்சத்திரம். லீக் கூப்பிட்டபோது அவர் முழங்கால்கள் போய்விட்டிருந்தன. மூன்று பருவம் ஆடி நிறுத்திக்கொண்டார்.

கடைசியாகத் திறந்தது தலைநகர் வாஷிங்டனின் அணி. உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் 1961 வரை ஒரு கறுப்பரைக்கூடச் சேர்க்கவில்லை. புதிய மைதானம் மத்திய அரசு நிலத்தில் இருந்ததால், கென்னடியின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால், நிறம் பார்த்தால் மைதானம் கிடையாது என்றார். 1962இல் பாபி மிட்செல் வந்தார். மனம் மாறியா? இடம் போய்விடும் என்ற பயம்தான். பொதுச்சொத்தை வைத்துப் பிடித்த பிடி இரண்டு முறையும் பலித்தது.

கூடைப்பந்தில்?

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு "முதல்". 1950இல் என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணி ஒன்று முதலில் தேர்வு செய்த கறுப்பர் சக் கூப்பர் (பாஸ்டன்). ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் நேட் கிளிஃப்டன் (நியூயார்க்) பெயர் சொல்லப்படும். அட்டவணைத் தற்செயலால் மற்றவர்களுக்கு முன்பே, 1950 அக்டோபர் 31 அன்று களத்தில் கால் வைத்தவர் ஏர்ல் லாயிட் (வாஷிங்டன்). சண்டை வேண்டாம், மூவரையும் சொல்லிவிடலாம்.

பெண்கள்?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆலிஸ் கோச்மன் உயரம் தாண்டுதலில் 1.68 மீட்டர் தாண்டி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். பதக்கம் கொடுத்தவர் மன்னர் ஆறாம் ஜார்ஜ். ஜார்ஜியா மாநிலத்தில் சொந்த ஊரான ஆல்பனியில் வரவேற்பு விழா நடந்தது. அரங்கில் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம். மேயர் அவருக்குக் கை கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து ரோமில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப், பிரித்து உட்கார வைத்தால் விழாவுக்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டென்னசியின் கிளார்க்ஸ்வில் ஊர் வழிக்கு வந்தது.

டென்னிஸில் ஆல்தியா கிப்சன். நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். கறுப்பர்களுக்கான தனிச் சங்கத்தின் பட்டத்தை 1947 முதல் தொடர்ந்து பத்து ஆண்டு வென்றவர். அமெரிக்கத் தேசியப் போட்டிக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. 1950இல் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு டென்னிஸ் இதழில் தன் விளையாட்டுக்காரர்களையே வெளுத்து வாங்கினார். அழைப்பு வந்தது. இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரஃபுக்கு எதிராகக் கடைசி செட்டில் 7-6 என்று முன்னிலை. அந்த நேரம் பார்த்து இடியும் மழையும். மறுநாள் சில நிமிடங்களில் 9-7 என்று தோற்றார்.

1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும் அவருக்கே. ஆனால் அமெச்சூர் டென்னிஸில் பரிசுப் பணம் கிடையாது. கூடைப்பந்துக் காட்சி ஆட்டங்களுக்கு இடையே டென்னிஸ் ஆடிக் காட்டினார், பாட்டுப் பாடினார், 1964இல் கோல்ஃபுக்குப் போய் அங்கேயும் தொழில்முறைச் சுற்றின் முதல் கறுப்பினப் பெண் ஆனார். சில கிளப்புகள் உள்ளே விடாததால் காரிலேயே காலணி மாற்றிக்கொள்வார். முதுமையில் வறுமை. பழைய இரட்டையர் ஜோடி ஆஞ்செலா பக்ஸ்டன் சொல்லித்தான் டென்னிஸ் உலகம் பணம் திரட்டிக் கொடுத்தது.

கோல்ஃபில் எழுதியே வைத்திருந்தார்களாமே?

ஆம், தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் பிஜிஏ சங்க விதியிலேயே "காகேசிய இனத்தவர்", அதாவது வெள்ளையர், மட்டும் என்று 1934 முதல் இருந்தது. கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டான்லி மாஸ்க் நெருக்கியதில் 1961இல் நீக்கினார்கள். சார்லி சிஃபர்ட் உள்ளே வந்தபோது வயது 39. 1967, 1969இல் பட்டம் வென்றும் மாஸ்டர்ஸ் என்ற பெரும் கோல்ஃப் போட்டிக்கு அவரை அழைக்கவே இல்லை. அங்கே முதலில் ஆடிய கறுப்பர் லீ எல்டர், 1975இல்.

உள்ளே வந்துவிட்டால் பிறகு சமம்தானே?

அதுதான் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் ஓடவும் மோதவும் கறுப்பர் வேண்டும். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் மட்டும் "யோசிக்கும் வேலை" என்று வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் ஆடி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பர் டக் வில்லியம்ஸ், 1988 ஜனவரியில். எந்த அணிக்கு? மார்ஷல் வைத்திருந்த அதே வாஷிங்டனுக்கு.

பேஸ்பாலிலும் எல்லா அணிகளும் கறுப்பரைச் சேர்க்கப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. கடைசி அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ், 1959இல். 1945லேயே ராபின்சனைக் கூப்பிட்டுச் சோதித்துவிட்டுப் பதில் சொல்லாமல் அனுப்பிய அணி அது.

இதனால் கறுப்பர்களுக்கு நஷ்டமும் ஏற்பட்டதா?

ஏற்பட்டது. நட்சத்திரங்களும் ரசிகர்களும் மேஜர் லீக் பக்கம் போனதும் நீக்ரோ லீக் அணிகள் வற்றின. உரிமையாளர், மேலாளர், டிக்கெட் விற்பவர் எல்லோரும் கறுப்பர்களாக இருந்த ஒரு தொழில் கரைந்துபோனது. மேஜர் லீக் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டது, அவரை வளர்த்தவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. நியூவர்க் ஈகிள்ஸ் உரிமையாளர் எஃபா மேன்லி மட்டும் சும்மா விடவில்லை; டோபிக்காக கிளீவ்லாந்தின் பில் வெக்கிடம் 15,000 டாலர் பேசி வாங்கினார். 2006இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

42 என்ற எண்ணுக்கு என்ன விசேஷம்?

ராபின்சனின் சட்டை எண். 1997இல் எல்லா அணிகளிலும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் 42 போட்டு ஆடுவார்கள். அவர்களில் அமெரிக்கக் கறுப்பர்கள் இப்போது குறைவு: 1980களின் தொடக்கத்தில் சுமார் 18 சதவீதம், அண்மை ஆண்டுகளில் 6 சதவீதம். 2022 உலகத் தொடரில் அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை. 1950க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

ராபின்சன் கடைசியாக மக்கள் முன் பேசியது 1972 அக்டோபரில், உலகத் தொடர் மைதானத்தில். பாராட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு, மேலாளர் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைப் பார்த்தால் இன்னும் மகிழ்வேன் என்றார். ஒன்பது நாளில் இறந்தார். வயது 53.

பேசப்படாமல் போன ஒருவரைச் சொல்லுங்களேன்.

ஐஸ் ஹாக்கியின் வில்லி ஓ'ரீயைச் சொல்லலாம். 1958இல் பாஸ்டன் அணிக்காக ஆடிய கனடாக்காரர், வலது கண்ணில் பார்வை போனதை மறைத்தே ஆடினார். ஆனால் நான் வெண்டல் ஸ்காட்டைச் சொல்வேன்.

வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த மெக்கானிக். கள்ளச்சாராயம் கடத்திக் கார் ஓட்டப் பழகியவர். நாஸ்கார் கார் பந்தயத்தில் பணக்கார அணிகளுக்கு நடுவே பழைய காரைத் தானே பழுது பார்த்து ஓட்டினார். 1963 டிசம்பர் 1, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். ராபின்சனுக்கு மைதானத்தைப் பூட்டிய அதே ஊர். ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் முடித்தார். வெற்றிக் கொடி அசையவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரரை வென்றவராக அறிவித்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். பரிசு கொடுக்க நின்ற வெள்ளைக்காரப் பெண்ணை வெற்றியாளர் முத்தமிடுவது வழக்கம். அதைத் தவிர்க்கத்தான் என்று ஸ்காட் நம்பினார். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, எண்ணிக்கையில் தவறு, வென்றது ஸ்காட்தான் என்று திருத்தினார்கள். கோப்பை அதற்குள் பேக்கரோடு போய்விட்டது.

ஸ்காட் 1990இல் இறந்தார். அந்த வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021 ஆகஸ்டில். அந்த உச்சநிலைப் பந்தயத்தில் இன்னொரு கறுப்பர், பப்பா வாலஸ், வென்றது அதே ஆண்டு அக்டோபரில்.